டிப்போவின் அடிமண்ணையும் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராம சபை உறுப்பினர்களுக்கு,

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். 2019இல் தேர்வான ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோதும் அந்தத் தகுதி உங்களைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மடலை அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கேட்பது ஒன்றே. உங்கள் ஊராட்சி எல்லைக்குள் டீசலைத் தொட்டியில் சேர்த்து வைத்து வண்டிக்கு ஊற்றுகிற, வண்டிகளைக் கழுவிப் பழுதுபார்க்கிற ஒவ்வோர் இடத்தின் அடிமண்ணும் ஒருமுறையாவது முறைப்படி சோதிக்கப்பட வேண்டும் என்று சபையில் தீர்மானம் போடுங்கள். பேருந்துப் பணிமனை, பெட்ரோல் பங்க், லாரி செட், வாட்டர் சர்வீஸ் நிலையம், அறுவடை இயந்திரங்கள் நிற்கும் கொட்டகை எல்லாமே இதில் சேரும். எந்தப் பணிமனையின் மேலும் நான் பழி சுமத்தவில்லை. சோதிக்காத மண்ணை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. என் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

டெல்டாவில் எண்ணெய்க் கசிவு என்றதும் கதிராமங்கலம்தான் நினைவுக்கு வரும். 2017 ஜூன் 30 அன்று திருவிடைமருதூர் வட்டத்து அந்த ஊரில் ஓஎன்ஜிசி குழாயிலிருந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. மக்கள் திரண்டார்கள், தடியடி நடந்தது, கைது நடந்தது, போராட்டம் நீண்டது. அந்தப் போராட்டமும் அதற்கு முன்பு மீத்தேன் திட்டத்தை எதிர்த்து எழுந்த இயக்கமும் சேர்ந்துதான் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்கு வழி திறந்தன. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. சின்ன வெற்றியல்ல அது. ஆனால் கதிராமங்கலத்தில் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. கறுப்பாக, வாடையோடு, பயிரின் மேலேயே கிடந்தது. ஊரே ஓடிப்போய்ப் பார்க்க முடிந்தது. பணிமனைத் தரைக்கு அடியில் புதைத்த தொட்டியிலிருந்தும் துருப்பிடித்த குழாய் மூட்டிலிருந்தும் கசிகிற டீசலைப் பார்க்க யாரும் ஓட முடியாது. வேளாண் மண்டலச் சட்டமும் அதைத் தொடுவதில்லை. ஏற்கெனவே இயங்கிவருகிற இடங்களையும் வண்டிப் பணிமனைகளையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அல்ல அது.

சொட்டுச் சொட்டாகக் கசிவதில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால், நொடிக்கு ஒரு சொட்டு என்பது நாளுக்கு 4 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். இந்த நாலு லிட்டரைத் தொட்டியின் மட்டம் அளக்கும் டிப் ராடு காட்டிக்கொடுக்குமா? டீசல் ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு விரியும். 20,000 லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஒரு டிகிரிக்கு 16 லிட்டர் கூடும் அல்லது குறையும். காலையில் அளந்ததற்கும் மாலையில் அளந்ததற்கும் உள்ள சூட்டு வித்தியாசத்துக்குள்ளேயே நாலு லிட்டர் மறைந்துவிடும். அளவெடுத்த ஊழியர் நேர்மையாகத்தான் எழுதியிருப்பார், பதிவேடும் சரியாகத்தான் இருக்கும், டீசல் மட்டும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வந்த டீசலையும் ஊற்றிய டீசலையும் கூட்டிப் பார்த்தால்தான் ஒரே பக்கமாகச் சாய்கிற குறைவு தெரியும். அமெரிக்காவில் நிலத்தடி எரிபொருள் தொட்டிகளைச் சட்டப்படி கண்காணிக்க 1984இல் தொடங்கினார்கள். தேடத் தொடங்கிய பிறகு அங்கே உறுதியான கசிவுகள் 5 லட்சத்தைத் தாண்டின. தேடியதால் கிடைத்த எண்ணிக்கை அது. நாம் இன்னும் தேடவே இல்லை.

மண்ணுக்குள் போன டீசல் தண்ணீர்போல நடந்துகொள்வதில்லை. தண்ணீரைவிட அது இலேசு. அதனால் நிலத்தடி நீர்மட்டம் வரை இறங்கி, அதன்மேல் படலமாக நின்றுவிடும். மற்ற ஊர்களில் நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதால் இறங்கிச் சேரக் காலம் எடுக்கும். நம் டெல்டாவிலோ பல இடங்களில் சில அடிகளிலேயே தண்ணீர். அந்த மட்டமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது கல்லணை வழியாக வந்து வாய்க்கால்கள் நிறைந்ததும் மட்டம் ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உச்சத்துக்குப் போகிறது. கோடையில் இறங்குகிறது. மட்டத்தின்மேல் நிற்கும் டீசலும் கூடவே ஏறி இறங்குகிறது, போகும் வழியெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொண்டே. ஒரு மெல்லிய படலமாக இருந்தது, சில பருவங்களில் பல அடி கனமுள்ள எண்ணெய்ப் பட்டையாகிவிடும். மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரில் ஒன்றும் தெரியாமல் இருந்து, கோடையில் மட்டம் இறங்கும்போது திடீரென்று வாடை வருவதும் இப்படித்தான். ஒரே ஒருநாள் போய் ஒரே ஒரு மண் மாதிரி எடுத்து, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுக்கிற அறிக்கையை டெல்டாவில் நம்பவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்முடையது களிமண், அது எண்ணெயைக் கீழே விடாது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஈரமான களி எண்ணெயைத் தடுத்து நிறுத்தும்தான். ஆனால் கோடையில் அதே களி பாளம் பாளமாக வெடிப்பதை உங்களைவிட யார் அறிவார்? அந்த வெடிப்பில் மேலே ஊற்றியது நேரே கீழே போகும். அடியிலும் முழுக்கக் களி இல்லை. ஆறுகள் பலமுறை தடம் மாறிய நிலம் இது. களிக்குக் கீழே பழைய ஆற்று மணல் படிந்து கிடக்கிறது. அந்த மணலில்தான் பல ஊர்களின் அடிபம்பும் போரும் தண்ணீர் எடுக்கின்றன. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பணிமனைகளும் பெட்ரோல் பங்க்குகளும் பெரும்பாலும் சாலையோரத்துத் தாழ்ந்த நிலத்தில் மண்ணடித்து மேடாக்கிக் கட்டியவை. அடித்த மண்ணுக்கும் அடியிலுள்ள களிக்கும் நடுவில் எண்ணெய் பக்கவாட்டில் ஓடும். தொட்டிக்கு நேர் கீழே தோண்டினால் சுத்தமாக இருக்கும், இருபது அடி தள்ளி வேலியோரத்தில் தோண்டினால் வாடை அடிக்கும். களி நம்மைக் காப்பதைவிட எண்ணெயை நம் கண்ணிலிருந்து மறைப்பதே அதிகம்.

தரைக்கு மேலே நடப்பதையும் விடக்கூடாது. வண்டி கழுவுகிற ராம்பிலிருந்து வழிகிற தண்ணீரில் டீசல், கிரீஸ், மாற்றிக் கொட்டிய இஞ்சின் ஆயில் எல்லாம் கலந்திருக்கும். எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி இருந்து, அதை அவ்வப்போது அள்ளிச் சுத்தம் செய்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் அது பக்கத்து வடிகாலுக்குப் போகும். வேறு எங்கேயாவது வடிகால் என்பது கழிவின் கடைசி இடமாக இருக்கலாம். டெல்டாவில் மேல்மடைக்காரரின் வடிகால்தான் கீழே உள்ளவருக்குப் பாசன வாய்க்கால். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் விட்டது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒருவருடைய நாற்றங்காலுக்குப் பாயக்கூடிய அமைப்பு இது. நெல் வயலில் எண்ணெய் படிந்தால் மண்ணுக்குள் காற்று போவது குறையும், முளைப்பு கெடும், மண் தண்ணீரை ஏற்க மறுக்கும். எண்ணெயைத் தின்று அழிக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கின்றன. ஆனால் அவை வேகமாக வேலை செய்யக் காற்று வேண்டும். மாதக்கணக்கில் தண்ணீர் கட்டுகிற நிலத்தில் காற்று எங்கே இருக்கிறது? மேட்டு நிலத்தில் விரைவில் கரைந்துபோகக்கூடிய டீசல், சம்பா வயலின் அடியில் நெடுங்காலம் தங்கிவிடும்.

மண்வள அட்டைதான் கொடுத்திருக்கிறார்களே, அதில் தெரிந்திருக்காதா என்று கேட்கலாம். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டம் பன்னிரண்டு பண்புகளை அளக்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்புத்தன்மை, கரிமச்சத்து. பெட்ரோலியம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதைவிடக் கவலை தருவது, டீசலும் கரிமப் பொருள் என்பதுதான். எண்ணெய் இறங்கிய மண்ணில் கரிமச்சத்து கூடுதலாகக் காட்டக்கூடும். கெட்டுப்போன மண்ணுக்கு நல்ல மண் என்று சான்று கிடைத்துவிடலாம். பயிருக்கு உரம் பரிந்துரைக்க உருவான சோதனை அது. அந்த வேலைக்கு அது போதும், இந்த வேலைக்கு உதவாது.

அப்படியானால் முறையான ஆய்வு எப்படி இருக்கும்? மண்வெட்டிக்கு முன்னால் காகிதம் வர வேண்டும். தொட்டி எந்த ஆண்டு புதைத்தது, குழாய் எந்தப் பக்கம் போகிறது, பழைய தொட்டி ஏதாவது கைவிடப்பட்டுக் கிடக்கிறதா, கழிவு ஆயில் பேரல்களை முன்பு எங்கே வைத்தார்கள், கழுவுமிடம் எப்போதாவது இடம் மாறியதா என்று கேட்க வேண்டும். இதற்குப் பதில் அலுவலகக் கோப்பைவிட ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளிடம்தான் தெளிவாகக் கிடைக்கும். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியது. அரை நூற்றாண்டு நினைவைச் சுமந்தவர்கள் உங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அடுத்துத் துளையிடும் இடங்கள். தொட்டியைச் சுற்றி, ஊற்றும் பம்ப் அருகே, குழாய் மூட்டுகளில், கழுவுமிடத்தின் வாயில், வேலியோரத்தில், அதோடு எண்ணெய்த் தொடர்பே இல்லாத ஒரு தூரத்து வயலிலும். அந்தத் தூரத்து மாதிரி இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. ஒவ்வொரு துளையும் நீர்மட்டத்தைத் தொடும்வரை போக வேண்டும். நிறமோ வாடையோ மாறுகிற ஆழத்தில் தனி மாதிரி எடுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் காற்றுக்கு இடம் விடாமல் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையில் அள்ளி வெயிலில் வைத்து எடுத்துப்போனால் ஆவியாகக் கூடியது எல்லாம் வழியிலேயே போய்விடும். ஆய்வகத்தில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனை மட்டும் அளந்து நிறுத்தாமல், வாயுப் பகுப்பு வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். டீசலா, இஞ்சின் ஆயிலா, புதிய கசிவா, மக்கிப்போன பழைய கசிவா என்பதை அந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவரால் பெரும்பாலும் சொல்ல முடியும். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் குழாய்கள் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதும் வறண்டிருக்கும்போதும் அந்தத் திசை மாறக்கூடும் என்பதால் இரண்டு பருவத்திலும் அளக்க வேண்டும்.

இவ்வளவும் முன்கூட்டியே எதற்கு, கசிவு தெரிந்த பிறகு செய்தால் போதாதா? போதாது என்பதற்குத் தமிழர் வாழும் இரண்டு ஊர்கள் சாட்சி. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுப் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியக் குழாயில் ஏற்பட்ட கசிவு அது. பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போனது. அங்கே கசிவைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல, தண்ணீர் இறைத்த மக்களின் மூக்குதான். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் டீசல் மின் நிலையங்களை ஒட்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. ஒரே வட்டாரத்தில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அமைப்புகள் மின்சாரம் உற்பத்தி செய்திருந்ததால், கிணற்றில் கிடப்பது யாருடைய எண்ணெய் என்பதே பெரிய வழக்காகிவிட்டது. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் ஒரு தனியார் மின் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. மண்ணும் நீரும் முதலில் எப்படி இருந்தன என்ற அளவு கையில் இல்லாதபோது, நியாயம் கேட்பவர்தான் எல்லாவற்றையும் நிரூபித்தாக வேண்டியிருக்கிறது. இன்றைக்கு எடுக்கிற மாதிரி நாளைய வழக்குக்கான ஆதாரம். குற்றமில்லாத பணிமனைக்கும் அதுவே பாதுகாப்பு.

சட்டம் இப்போது ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. மாசடைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் இடங்களை உள்ளூர் நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் அடையாளம் கண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதல் மதிப்பீட்டை முடித்து, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வைச் செய்ய வேண்டும். மாசுக்குக் காரணமானவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும். கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் கலக்கும் எண்ணெய் போன்றவை இந்த விதிகளுக்கு வெளியே. நிலத்தில் இறங்கிய டீசலுக்கு அந்த விலக்கு இல்லை. கழிவு ஆயிலோ 2016ஆம் ஆண்டு விதிகளின்படியே அபாயக் கழிவு. ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால்தான் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். விதிகள் வந்த சமயத்தில் நாடு முழுவதும் அடையாளம் கண்டிருந்த இடங்கள் 103, அவற்றில் சீர்செய்யும் பணி தொடங்கியவை 7. இத்தனை பெரிய நாட்டில் கெட்டுப்போன இடம் 103தான் என்று யாராவது நம்புவார்களா? கேட்க ஆளில்லாத இடங்கள் பட்டியலுக்கு வருவதில்லை.

உங்களில் சிலர் தயங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. பேருந்துப் பணிமனை நம் பிள்ளைகளுக்கு வேலை தருகிறது. கட்டணமில்லாப் பேருந்தில்தான் பெண்கள் நடவுக்கும் மருத்துவமனைக்கும் போகிறார்கள். அதைப் போய்த் தொந்தரவு செய்யலாமா என்பது நியாயமான கேள்வி. மண் சோதனை என்பது கதவடைப்பு அல்ல. பணிமனை இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஓரிரு நாளில் துளையிட்டு மாதிரி எடுத்துவிடலாம். கசிவு கிடைத்தால் தொட்டியை மாற்றுவார்கள், தரையைச் சீராக்குவார்கள். அதனால் முதலில் பயன்பெறுவது அந்த மண்ணில் கைவைத்து வேலை செய்கிற தொழிலாளிதான். நம் வயலிலும் ஆயில் இஞ்சின் ஓடுகிறதே, டிராக்டர் நிற்கிறதே, நாமே டீசல் சிந்துகிறோமே என்பது இன்னொரு கேள்வி. உண்மை. போர் செட்டுக்குள் டீசல் கேனை வைத்திருப்பவர்கள் அதைக் குழாய் வாயிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். ஆனால் வயலின் மேல்மண்ணில் சிந்திய ஒரு கை டீசலை வெயிலும் காற்றும் உழவும் நுண்ணுயிரும் அழித்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், காற்றில்லாத ஆழத்தில் சேர்கிற ஆயிரக்கணக்கான லிட்டர் வேறு வகை.

எல்லாவற்றிலும் கனமான தயக்கம் ஒன்று உண்டு. ஊர் மண்ணில் டீசல் என்று செய்தி வந்தால் நிலம் விலை போகாது, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்ற பயம். இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அளக்காதபோதுதான் சந்தேகம் ஊர் முழுக்கப் பரவும். அளந்து, இந்த வேலிக்குள் இத்தனை சதுர அடி, இத்தனை அடி ஆழம் என்று எல்லை போட்டுவிட்டால் மற்ற வயலெல்லாம் சந்தேகத்திலிருந்து விடுபடும். கெட்ட மண்ணை மீட்கவும் வழி இருக்கிறது. தோண்டி எடுத்த மண்ணைத் தனியே பரப்பி, காற்றாட உழுது, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்த்து நுண்ணுயிர்களை வேலை செய்யவிடும் முறை நம் நாட்டிலேயே எண்ணெய் வயல்களில் நடைமுறையில் உள்ளது. டெரி (TERI) என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவை அதற்குப் பயன்படுகிறது. சிறிய அளவில் கண்டுபிடித்தால் சிறிய செலவில் முடியும். நீர்மட்டத்தோடு கலந்து வேலியைத் தாண்டிய பிறகு செலவு பல மடங்காகும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில் ஐயம் வேண்டாம். வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே, மாசுபடுத்தியவர்தான் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டது. பாலாற்றுப் படுகை மக்கள் மிகப் பெரிய விலை கொடுத்துப் பெற்றுத் தந்த தீர்ப்பு அது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கூட்டம் இதற்குப் பொருத்தமானது. அன்று தீர்மானம் போட்டால் சித்திரை, வைகாசியில், மேட்டூர் திறப்பதற்கு முன்பு, நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது முதல் சோதனையைக் கேட்கலாம். மார்கழி, தையில் இரண்டாவது. தீர்மானத்தில் இவற்றை எழுதுங்கள்: எங்கள் ஊராட்சி எல்லையில் டீசல் சேமித்து ஊற்றும் இடங்களையும் வண்டி கழுவிப் பழுதுபார்க்கும் இடங்களையும் பட்டியலிட வேண்டும். தொட்டிகளின் வயதையும் இருப்புக் கணக்கையும் சபையின் முன் வைக்க வேண்டும். சந்தேகம் உள்ள இடங்களை 2025ஆம் ஆண்டு விதிகளின்கீழ் மாவட்ட ஆட்சியர் வழியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பருவத்திலும் மண்ணும் நீரும் சோதிக்கப்பட வேண்டும். மாதிரி எடுக்கும்போது சபை உறுப்பினர்கள் உடனிருக்க வேண்டும். முடிவு தமிழில், எண்களோடு, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தீர்மானத்தின் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.